துடுப்புப் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், நம் தென்னாப்பிரிக்காவில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரை ஆற்றில் மூன்று நாள் நடக்கும் டூசி படகுப் போட்டியின் கடைசி நாளைப் பார்க்க, அது முடியும் ப்ளூ லகூனுக்குப் போனதைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன், "நம் பிள்ளைகளும் துடுப்பு பிடிக்க வேண்டும்" என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதங்கள். ஒரே மாதிரி கேட்டவர்களைச் சேர்த்துவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் ஊர் மட்டும்.

என் பையனுக்கு 13 வயது. கேனோ படகு ஓட்டப் போகணும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் நீச்சல் தெரியாது. தண்ணீரில் கண்டம் என்று ஜாதகத்தில் வேறு இருக்கிறது. அனுப்பலாமா?
ஓர் அம்மா, சாட்ஸ்வொர்த்

அனுப்புங்கள் அம்மா, ஆனால் முதலில் படகுக்கு அல்ல, நீச்சலுக்கு. கண்டம் இருக்கிறது என்றால் அதற்கு நான் அறிந்த ஒரே பரிகாரம் நீச்சல் பழகுவதுதான். ஐம்பது மீட்டர் நிற்காமல் நீந்தவும், கை கால் அசைக்காமல் மல்லாந்து சில நிமிடம் மிதக்கவும் அவனுக்கு வரட்டும். அதற்கு மூன்று நான்கு மாதம் ஆகலாம். அதுவரை பொறுக்க மாட்டேன் என்று அடம் பிடித்தால், அவனுக்குப் படகு மேல் இருப்பது ஆசைதான், அக்கறை இன்னும் வரவில்லை என்று அர்த்தம்.

அப்புறம் பயிற்சி நடக்கும் இடத்துக்கு நீங்களே ஒரு நாள் நேரில் போய் நில்லுங்கள். பிள்ளைகள் எல்லாரும் லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, கீழ்ப்பட்டை வரை இறுக்கிக் கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள், சும்மா தோளில் தொங்கினால் விழும்போது அது காதுக்கு மேலே ஏறிவிடும், ஆளைத் தூக்காது. தண்ணீரில் பெரியவர் ஒருவராவது இருக்கிறாரா, கரையில் மட்டும் நிற்கிறாரா என்று பாருங்கள். முதல் வாரமே ஓடும் ஆற்றுக்குக் கூட்டிப் போகிறேன் என்று யாராவது சொன்னால் பையனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். ஆரம்பம் என்பது அணைத் தண்ணீர், குளம், ஆறு அகலமாக அசையாமல் கிடக்கும் இடம், அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் நீச்சல் தெரியாது" என்று எழுதியிருக்கிறீர்கள், கிட்டத்தட்ட எல்லாக் கடிதத்திலும் இந்த வரி இருந்தது. இது நம் ரத்தத்தில் வந்தது இல்லை, நமக்குச் செய்யப்பட்டது. நிறவெறி ஆட்சியில் 1953ஆம் ஆண்டு வந்த தனி வசதிகள் சட்டம் கடற்கரையையும் நீச்சல் குளத்தையும் தோல் நிறத்துக்குத் தகுந்தபடி பிரித்துப் போட்டது. டர்பன் கடற்கரைகள் எல்லாருக்கும் முழுதாகத் திறந்தது 1989இல், சட்டமே ஒழிந்தது 1990இல். அதற்கு நடுவில் ஆற்றோரமும் நகரத்திலும் இருந்த நம் குடும்பங்களைக் கிளப்பி, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த் மேட்டில் வைத்தார்கள். உங்கள் அம்மாவுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்க ஒரு குளம் இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். அவர்கள் பயந்ததில் தப்பே இல்லை, தெரியாத தண்ணீருக்குப் பிள்ளையை அனுப்பாத தாய் நல்ல தாய். ஆனால் இப்போது குளம் இருக்கிறது, சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறது. முடிந்தால் நீங்களும் அவனோடு சேர்ந்து பழகுங்கள்.

நீங்கள் எழுதியதைப் படித்தேன். வெள்ளைக்காரர் பணக்காரர் விளையாட்டை எதற்கு நம் தலையில் கட்டுகிறீர்கள்? நமக்கு கிரிக்கெட் இருக்கிறது, ஃபுட்பால் இருக்கிறது. துடுப்புக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?
ஒரு பெரியவர், டோங்காட்

தாத்தா, கோபித்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள், ஆனால் எனக்கு வந்ததிலேயே நல்ல கேள்வி இதுதான். பதில் கொஞ்சம் நீளும்.

1917 அக்டோபர் 28. டர்பனில் கடல் சேரும் உம்கேனி ஆறு கரை உடைத்துக்கொண்டு வந்த நாள். ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டு, அந்த ஒப்பந்தம் முடிந்த நம் ஆட்கள் அப்போது ஆற்றோரத் தாழ்நிலத்தில், ஸ்பிரிங்ஃபீல்ட் பக்கம், காய்கறி போட்டு பிழைத்துக்கொண்டிருந்தார்கள். ஆற்று மண் நல்ல மண், அதனால் அங்கே போனார்கள். வெள்ளம் வந்தபோது ஓட இடமில்லை, கூரை மேலும் மரத்தின் மேலும் ஏறி நின்றார்கள், பல பேர் அடித்துக்கொண்டு போனார்கள். அந்தத் தண்ணீரில் ஆறு மீனவர்கள் ஒரு மீன்பிடிப் படகைத் தள்ளிக்கொண்டு இறங்கினார்கள். மாரிமுத்து படவட்டான் தலைமையில் போன ஆறு பேர், படவட்டான் அறுவர் என்றே வரலாற்றில் பெயர். மரமும் கூரைத் தகடும் செத்த மாடும் மிதந்து வந்து மோதும் வெள்ளத்தில் திரும்பத் திரும்பப் போய் 170க்கும் மேற்பட்டவர்களைக் கரை சேர்த்தார்கள். மோட்டார் இல்லை, லைஃப் ஜாக்கெட் இல்லை, கைவலிமையும் தண்ணீரைப் படிக்கத் தெரிந்த கண்ணும்தான். படவு என்றால் நம் பழைய பேச்சில் படகு. அந்தக் குடும்பப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தச் சொல்தான் காதில் விழுகிறது.

இப்போது கவனியுங்கள். டூசி போட்டியின் மூன்றாம் நாள், முடிவுக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால், படகுகள் எல்லாம் அதே ஸ்பிரிங்ஃபீல்டைத் தாண்டித்தான் ப்ளூ லகூனுக்குப் போகின்றன. நம் ஆறு பேர் உயிரைக் கொடுக்கத் துணிந்து துடுப்பு போட்ட அதே ஆறு. ஒரு பலகையாவது அங்கே எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி இருக்க வேண்டும் என்பது என் நீண்ட நாள் ஆசை. பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் இந்தக் கதையைச் சொல்லவில்லை, நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்துகொண்டேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அவர்கள் மட்டும் இல்லை. டர்பன் துறைமுகத்துக்குள் இருக்கும் சாலிஸ்பரி தீவில் வலை போட்டு, மீன் காயவைத்து வாழ்ந்த இந்திய மீனவக் குடும்பங்கள் இருந்தன. அலையை வெட்டிக்கொண்டு படகைத் தள்ளிப் போய், அரைவட்டமாக வலை விட்டு, கரையில் நின்று கூட்டமாக இழுக்கும் அந்தத் தொழிலை மத்தி மீன் வரும் ஜூன், ஜூலை மாதத்தில் இன்றைக்கும் பார்க்கலாம். அந்தத் தீவு பிறகு கடற்படைக்குப் போனது, 1961இல் அங்கேதான் இந்தியர்களுக்கென்று தனிக் கல்லூரி வைத்தார்கள், மீனவர் வீடு இருந்த சுவடே இல்லாமல் போனது.

இன்னும் பின்னால் போனால், கேட்டமரான் என்று உலகமே சொல்கிற சொல் நம்முடைய கட்டுமரம். சங்கப் பாட்டுகளில் திமில், அம்பி, பஃறி என்று படகுக்கே எத்தனை பெயர். நமக்குத் துடுப்பு புதுசு இல்லை தாத்தா, நடுவில் கையிலிருந்து பிடுங்கப்பட்டது.

பணக்காரர் விளையாட்டு என்பதில் மட்டும் பாதி உண்மை இருக்கிறது, மறைக்க மாட்டேன். பல பத்தாண்டு இந்த விளையாட்டு வெள்ளையர் கையில்தான் இருந்தது, படகும் விலை அதிகம்தான். ஆனால் 2014இல் டூசியை இரட்டையர் படகில் ஆண்டி பர்க்கெட்டோடு சேர்ந்து வென்ற ஸ்பொனேலோ க்வேலா கறுப்பின இளைஞர், வென்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான். ஆற்றங்கரைக் கிராமங்களில் வளர்ந்து, அந்த ஓரத்திலேயே நின்று படகுகளைப் பார்த்து, பிறகு தாங்களே ஏறிய பிள்ளைகள் இப்போது முன்வரிசையில் வருகிறார்கள். நம் பிள்ளைகளைத்தான் இன்னும் காணோம். அதனால்தான் எழுதினேன்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டூசி பற்றிச் சொல்லப் போகிறேன். படகுப் போட்டி என்றால் படகில்தானே போக வேண்டும், ஏன் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள் என்று முதல் கேள்வியே வந்துவிட்டது. சுருக்கமாகச் சொல்ல முடியுமா?
ஓர் ஆசிரியை, நார்த்டேல், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

டீச்சர், உங்கள் ஊரிலிருந்துதான் போட்டியே ஆரம்பிக்கிறது, ஒரு பிப்ரவரி காலை பிள்ளைகளை கேம்ப்ஸ் டிரிஃப்ட் கால்வாய்க்குக் கூட்டிப் போய்விட்டால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

உம்சுண்டூசி என்கிற ஆற்றின் பெயரைச் சுருக்கித்தான் டூசி. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இறங்கி, ஆயிரம் குன்றுகளின் பள்ளத்தாக்குக்குள் போய், உம்சுண்டூசி உம்கேனியோடு சேரும் இடத்தைத் தாண்டி, இனாண்டா அணையைக் கடந்து, டர்பனில் உம்கேனி கடலில் விழும் ப்ளூ லகூனில் முடியும். சுமார் 120 கிலோமீட்டர், மூன்று நாள். இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் ஆறு நேராக வராது, மலையைச் சுற்றிச் சுற்றி வளையும், சில இடத்தில் பாறைகளுக்கு நடுவே படகு உடைகிற மாதிரி இறங்கும், சில இடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர்தான் இருக்கும். அந்த மாதிரி இடத்தில் வளைவைச் சுற்றிப் போவதைவிட படகைத் தோளில் போட்டுக்கொண்டு குன்றின் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் சீக்கிரம். இதற்குப் பெயர் போர்ட்டேஜ். கடைசி நாளில் வரும் பர்மா ரோடு என்கிற ஏற்றத்தைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், அதில் மேலே ஏறி வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். துடுப்பும் உண்டு, ஓட்டமும் உண்டு, அதனால் தோளும் காலும் பலமாக இருப்பவர்தான் டூசியில் ஜெயிக்க முடியும்.

முதல் போட்டி 1951 டிசம்பர் கடைசியில். யோசனை இயன் பிளேயருடையது, பிற்பாடு வெள்ளைக் காண்டாமிருகத்தை அழிவிலிருந்து காப்பாற்றியவர் என்று உலகம் முழுதும் பெயர் வாங்கியவர். எட்டுப் பேர் கிளம்பினார்கள், அவர் ஒருவர்தான் முடித்தார். பிடித்தது 6 நாள், 8 மணி நேரம், 15 நிமிடம். நடுவில் பாம்பு கடித்தும் விடவில்லை. இன்றைக்கு முன்னணி வீரர்கள் அதே ஊரிலிருந்து அதே ஊருக்கு மூன்று நாளும் சேர்த்து எட்டு மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறார்கள். கிரேம் போப் எல்லிஸ் என்பவர் 15 முறை வென்றார், டூசி ராஜா என்றே அவரைக் கூப்பிட்டார்கள்.

வகுப்பில் ஒரு கணக்கு போடச் சொல்லுங்கள். பிளேயரின் நேரத்தை நிமிடமாக்கி, எட்டு மணி நேரத்துக்கு உள்ள நிமிடத்தால் வகுத்துப் பார்க்கட்டும். அதே ஆறு, அதே தூரம், ஏன் இத்தனை வித்தியாசம் என்று பேச ஆரம்பித்தால் பிளேயரின் கணக்கில் இரவும் சேர்ந்தது, படகின் எடை, போர்ட்டேஜ் பாதை, அணைத் தண்ணீர் எல்லாம் தானாக வரும். இனாண்டா அணையே 1989இல்தான் வந்தது, அதற்கு முன் அந்தப் பகுதி முழுக்க ஓடும் ஆறு.

கேனோ, கயாக், சர்ஃப்ஸ்கி, கே1 என்கிறார்கள், தலை சுற்றுகிறது. நான் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டேன், கொஞ்சம் பணம் சேர்த்திருக்கிறேன், எதை வாங்கலாம்?
ஒரு தம்பி, ஃபீனிக்ஸ்

தம்பி, இப்போதைக்கு எதையும் வாங்காதே. ஆறு மாதம் கிளப் படகில் பழகு. ப்ளூ லகூனுக்கு மேலே உம்கேனியோரமும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் பழைய கிளப்புகள் இருக்கின்றன, பழகுகிறவர்களுக்குப் படகு கொடுப்பார்கள்.

பெயர்க் குழப்பம் நம் ஊரில் அதிகம், ஏனென்றால் இங்கே எல்லாவற்றையும் கேனோ என்று சொல்லிவிடுகிறோம். முறையாகப் பார்த்தால் கேனோவில் முட்டி போட்டு ஒற்றைப் பக்கத் துடுப்பால் தள்ளுவது, கயாக்கில் காலை நீட்டி உட்கார்ந்து இரண்டு பக்கமும் இலை உள்ள துடுப்பால் மாற்றி மாற்றிப் போடுவது. கயாக் வடதுருவத்து இனுயிட் மக்களுடையது, கடல்நாய்த் தோலை எலும்புக்கும் மரத்துக்கும் மேல் இழுத்துக் கட்டி வேட்டைக்குப் போனார்கள். டூசியில் ஓடுவது கயாக்தான். கே1 என்றால் ஒருவர், கே2 என்றால் இருவர். தட்டைத் தண்ணீர்ப் பந்தய கே1 அதிகபட்சம் 5.2 மீட்டர் நீளம், எடை 12 கிலோவுக்குக் குறையக் கூடாது, அகலம் உன் இடுப்பைவிடக் கொஞ்சம்தான் கூட. முதல் நாள் அதில் உட்கார்ந்தால் மூன்று நொடியில் கவிழும், எல்லாருக்கும் கவிழும். அதனால் அகலமான பயிற்சிப் படகில் ஆரம்பிக்க வேண்டும்.

சர்ஃப்ஸ்கி கடலுக்கு. மேலே உட்கார்வது, உள்ளே நுழைவது இல்லை, அலை மேலே ஏறினாலும் தண்ணீர் தானாக வடிந்துவிடும், மூழ்காது. யோசித்துப் பார், கட்டுமரமும் இதே தத்துவம்தான். தண்ணீரை வெளியே நிறுத்தப் பார்க்காமல், வந்து போக விட்டுவிடுவது. டர்பன் கடலில் இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மெரினா ஞாபகம் வரும்.

துடுப்பு பிடிக்கும்போது ஒன்றை மட்டும் முதல் நாளிலிருந்து சரியாகப் பழகு. துடுப்பைக் கையால் இழுக்காதே. முன்னால் எட்டித் தண்ணீரில் நட்டுவிட்டு, இடுப்பைத் திருப்பி, அதே பக்கக் காலால் மிதித்து, படகைத் துடுப்பு வரைக்கும் கொண்டு வா. கையால் இழுப்பவன் ஒரு மணி நேரத்தில் களைத்துப் போவான், உடம்பைத் திருப்புகிறவன் மூன்று நாள் போவான்.

போன மாதம் நண்பர்களோடு ஆற்றில் போனபோது கவிழ்ந்து, துடுப்பும் போய், பாறையில் முழங்கால் இடித்துக்கொண்டு வந்தேன். கவிழ்ந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் ஒழுங்காகச் சொல்லவில்லை.
ஓர் இளைஞர், மெரிபேங்க்

முழங்காலோடு போனதே, அதுவே பெரிய விஷயம். இதை எல்லாரும் வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறேன்.

ஓடும் தண்ணீரில் விழுந்தால் எழுந்து நிற்கவே கூடாது. முட்டி ஆழம்தான் என்று தோன்றும், காலை ஊன்றுவீர்கள், பாதம் இரண்டு கல்லுக்கு நடுவே மாட்டும், பின்னாலிருந்து தண்ணீர் ஆளை முன்னால் அமுக்கும். முட்டி ஆழத்தில் ஆள் போவது இப்படித்தான். மல்லாந்து படுத்து, காலைத் தண்ணீர் போகும் திசைக்கு நீட்டி, பாதம் மேலே தெரிகிற மாதிரி மிதந்து, பாறை வந்தால் காலால் உதைத்துத் தள்ளிக்கொண்டு, ஓட்டம் தணியும் இடத்தில் கரைக்கு நீந்துங்கள். படகைப் பிடிக்க முடிந்தால் பிடியுங்கள், ஆனால் எப்போதும் படகுக்குப் பின்னால், அதாவது தண்ணீர் வரும் பக்கம் இருங்கள். தண்ணீர் நிரம்பிய படகு பல ஆள் கனம் இருக்கும், அதற்கும் பாறைக்கும் நடுவில் நீங்கள் மாட்டக் கூடாது. படகா நீங்களா என்று வந்தால் படகை விட்டுவிடுங்கள்.

ஸ்ப்ளாஷி, அதான் இடுப்பில் கட்டி படகு வாயை மூடும் அந்தத் துணி, அதன் முன்னால் ஒரு வளையம் இருக்கும். கிளம்பும் முன் அந்த வளையம் வெளியே தெரிகிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். உள்ளே மாட்டிக்கொண்டால் கவிழ்ந்த பிறகு திறக்க முடியாது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் மரம்தான். மழைக்குப் பிறகு ஆறு கொஞ்சம் ஏறியிருந்த ஒரு நாள், என்னோடு வந்தவர் "ஒன்றும் இல்லை, தண்ணீர் இருந்தால் இன்னும் நல்லது" என்றார், நானும் போனேன். ஒரு வளைவில் கரையோர மரம் சாய்ந்து கிளையெல்லாம் ஆற்றுக்குள் கிடந்தது. தண்ணீர் கிளை வழியே போய்விடும், ஆளும் படகும் போக முடியாது, வடிகட்டியில் சிக்கின மாதிரி. படகு குறுக்கே போய் அமுங்கி, என் மார்பு வரை தண்ணீர் ஏறியது. மேலே இருந்த ஒரு கிளை கைக்கு எட்டியதால் உடம்பை உருவி எடுத்து ஏறினேன். படகு மறுநாள்தான் கிடைத்தது, இரண்டு துண்டாக. அதற்கப்புறம் மரம் தெரிந்தால் தூரத்திலேயே கரை ஏறி நடந்துவிடுவேன். தப்பவே முடியாது, மோதத்தான் போகிறோம் என்று ஆகிவிட்டால், அங்கே மட்டும் கால் முன்னால் போகக் கூடாது. திரும்பித் தலை முன்னால் வைத்து முழு வேகத்தில் நீந்திப் போய் மரத்தின் மேலே ஏறிவிட வேண்டும், அடியில் போகக் கூடாது. தடுப்பணைகளையும் அப்படியே நினையுங்கள். மேலிருந்து பார்க்க அழகாக வழிந்து விழும், அடியில் தண்ணீர் சுருண்டு சுருண்டு பின்னால் இழுக்கும், விழுந்தவரை விடாது. நடந்து தாண்டுங்கள்.

உம்கேனித் தண்ணீரின் நாற்றத்தில் பாலத்தில் கார் கண்ணாடியையே இறக்க முடியவில்லை. அதில் போய் எப்படி?
வெருலம்

உண்மை, நானும் அதே பாலத்தில் போகிறவன். கழிவுநீர்க் குழாய்களும் நிலையங்களும் பழுதாகிக் கிடக்கும் நிலை, 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு இன்னும் மோசமானது. டூசி கட்ஸ் என்று ஒரு சொல்லே இங்கே உண்டு, போட்டி முடிந்த கையோடு வயிற்றுப்போக்கும் வாந்தியும் வந்து படுப்பதற்கு வீரர்கள் வைத்த பெயர். மலத்திலிருந்து வரும் ஈ.கோலை கிருமி அதிகமுள்ள தண்ணீர் வாய்க்குள் போவதுதான் காரணம். என் பழக்கத்தைச் சொல்கிறேன்: பலத்த மழை பெய்தால் ஊரிலுள்ள அழுக்கெல்லாம் ஆற்றுக்கு வரும், அதனால் இரண்டு மூன்று நாள் இறங்க மாட்டேன். படகில் குடிதண்ணீர் உறிஞ்சும் குழாயின் வாயை மூடி வைப்பேன், ஆற்றுத் தண்ணீர் பட்ட கையால் சாப்பிட மாட்டேன், உடம்பில் ஆறாத புண் இருந்தால் அன்றைக்குக் கரையில்தான். தண்ணீர்ப் பரிசோதனை அளவு பார்த்து பயிற்சியை இனாண்டாவுக்கு மாற்றுகிற கிளப்பை நம்புங்கள், "பழகிடும்" என்று சொல்கிறவரை நம்பாதீர்கள்.

பில்ஹார்சியா என்கிற புழு நோயையும் மறக்கக் கூடாது. தேங்கி நிற்கும் ஓரத்தில் நத்தை இருக்கும், அதிலிருந்து வரும் புழு தோல் வழியே ஏறும், தெரியவே தெரியாது. சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். ஒன்றும் தெரியாவிட்டாலும் அடிக்கடி ஆற்றில் இறங்குகிறவர்கள், கடைசியாக இறங்கி இரண்டு மாதம் கழித்து ஒரு பரிசோதனை செய்துகொள்வது நல்லது. மாத்திரை இருக்கிறது, குணமாகும்.

ஆனால் ஒன்று. ஆறு நாறுகிறது என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் ஆயிரம் பேர், அந்த நாற்றத்தை நகராட்சிக்கு எழுதி எழுதிக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் அதில் துடுப்பு போடுகிறவர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை ப்ளூ லகூனில் கார் நிறுத்தி பன்னி சௌ, அதான் ரொட்டியைக் குடைந்து உள்ளே கறிக்குழம்பு ஊற்றியது, சாப்பிடாத குடும்பம் நம்மில் உண்டா? அது நம் ஆறு. படகு ஏறாவிட்டாலும் அந்தக் கடிதத்தையாவது எழுதுங்கள்.

எனக்கு 52 வயது, முட்டி வலி. ஆசை மட்டும் இருக்கிறது.
ஒரு சகோதரி, இசிபிங்கோ

வாருங்கள் அக்கா. நான் முதல்முறை படகில் உட்கார்ந்தது 38 வயதில், எனக்கே தாமதம் என்று தோன்றியது. டர்பன்காரர் ஆஸ்கர் சலுப்ஸ்கி ஹவாயின் மொலோகாய் கடல் போட்டியை, 50 கிலோமீட்டருக்கும் மேல், 1983இல் முதலில் வென்றார், பன்னிரண்டாவது முறை வென்றது 2012இல், 49 வயதில். நாம் பந்தயத்துக்குப் போகவில்லை, ஆனால் துடுப்புக்கு வயது இல்லை என்பதற்குச் சொல்கிறேன்.

முட்டியை மடக்கிக் குந்த வேண்டியிருப்பதால் குறுகிய கயாக்கில் ஏறி இறங்குவதுதான் சிரமம். டிராகன் படகைப் பாருங்கள். இருபது பேர் இரண்டிரண்டாக பெஞ்சில் உட்கார்வது, முன்னால் ஒருவர் மேளம் அடிப்பார், பின்னால் ஒருவர் திசை பார்ப்பார். மேளத்துக்குத் தகுந்தபடி போட்டால் போதும், காவடி மேளம் கேட்டு வளர்ந்த நமக்குத் தாளம் பிடிக்கச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1996இல் கனடாவின் வான்கூவரில் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்களை ஒரு மருத்துவர் இந்தப் படகில் ஏற்றினார். கையை அதிகம் அசைத்தால் வீங்கும் என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள், இவர்களுக்கு அப்படி ஆகவில்லை. இன்று உலகம் முழுக்க அப்படிப் பெண்கள் குழுக்கள் இருக்கின்றன. முட்டி மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.

என் பேரன் இந்த வருஷம் டூசிக்குப் போகிறான். மூன்று நாளும் அவனுக்கு என்ன கட்டிக் கொடுப்பது? நான் வந்தால் அவனைப் பார்க்க முடியுமா?
ஓர் ஆயா, ஸ்டேன்ஜர்

ஆயா, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பார்க்கலாம், பார்ப்பது மட்டும் இல்லை, உங்களுக்கு அங்கே வேலையே இருக்கிறது. டூசியில் ஒவ்வொரு படகுக்கும் செகண்ட் என்று துணை ஆட்கள் உண்டு. பாலத்துக்குப் பாலம், போர்ட்டேஜுக்குப் போர்ட்டேஜ் காரில் போய்க் காத்திருந்து, வருகிறவனுக்குக் குடிக்கவும் கடிக்கவும் கொடுத்து, அடுத்த இடத்துக்கு ஓட வேண்டும். பள்ளத்தாக்குச் சாலை குறுகல், அன்றைக்குக் கூட்டமும் அதிகம், அதனால் கார் ஓட்ட வேறு யாராவது வரட்டும், நீங்கள் பையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தொப்பியும் மடக்கு நாற்காலியும் எடுத்துக்கொள்ளுங்கள், பிப்ரவரி வெயில் பொல்லாதது.

முதல் நாள் ராத்திரி சோறும் பருப்பும் வயிறு நிறையக் கொடுங்கள், காரம் பாதி போதும், கறி வேண்டாம். போட்டி நேரத்தில் கெட்டியான சாப்பாடு இறங்காது. வாழைப்பழம், உப்புப் போட்டு வேகவைத்த சின்ன உருளைக்கிழங்கு, ரொட்டிக்குள் கொஞ்சம் தேனோ மசித்த கிழங்கோ வைத்துச் சுருட்டியது. வெறும் தண்ணீர் மட்டும் கொடுத்தால் வியர்வையில் போகும் உப்பு திரும்பாது, ஒரு லிட்டரில் ஒரு எலுமிச்சை, கொஞ்சம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் கொடுங்கள், ஆனால் எல்லாவற்றையும் பயிற்சி நாட்களிலேயே கொடுத்துப் பழக்கிவிடுங்கள், போட்டியன்று புதிதாக எதுவும் வேண்டாம். மாலையில் படகு கரை ஏறியதும் தயிர்ச்சோறு, எவ்வளவு கேட்டாலும்.

ரொட்டியை விரல் கனத்துக்குச் சின்னதாகச் சுருட்டுங்கள் ஆயா. அவன் கை ஆற்றுத் தண்ணீரில் நனைந்திருக்கும், அதைத் தொடக் கூடாது, நீங்கள்தான் வாயில் ஊட்ட வேண்டும்.